மாப்பிள்ளையின் வலது காது

ஜூன் 3, செவ்வாய்

தங்கைக்கு,

இனி என் போனை எடுக்கமாட்டாய் என்று உன் அண்ணி சொன்னாள். நல்லது. எடுத்திருந்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் நம்மில் ஒருவர் கத்துவார், மூன்றாவதில் மற்றவர் வைத்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது உன் அறை பூட்டியிருந்தது. சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை. பிள்ளைகள் தொட்டு விளையாட என்றே வைத்திருக்கிற பண்ணையில் ஒரு குழந்தைக்கு விரல் போயிருக்கிறது, பராமரிப்பாளர் என்று லைசென்ஸில் பெயர் போட்டிருக்கிற நீ மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். இதற்கு என்ன பெயர் என்று நீயே சொல்.

கடிபட்டது அந்தக் கேள்விக்காரிதான். ஏழு வயது, எப்போதும் உன் பின்னாலேயே சுற்றுவாளே, அவள். வலது கை ஆள்காட்டி விரலில் நகம் இருந்த பாகம் இல்லை. மிச்சத்தைத் தைத்திருக்கிறார்கள்.

கால்நடை அதிகாரி அன்றைக்கே வந்து, கடித்த கழுதையைத் தனியாகக் கட்டச் சொல்லி, பண்ணை வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். இதனுடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஏழாவது கட்டத்தில் "விலங்கின் இயல்பு" என்று இருக்கிறது. அதில் "கடிக்கும் குணமுள்ளது, மனிதரிடம் விடத் தகுதியற்றது" என்று எழுதியிருக்கிறேன். உரிமையாளர் கையெழுத்து போட்டாயிற்று. கீழே பராமரிப்பாளர் கையெழுத்து வேண்டும். 24ஆம் தேதிக்குள் கொடுத்துவிட்டால் அவர்கள் வந்து ஊசி போட்டு முடித்துவிடுவார்கள், பண்ணையை இரண்டு வாரத்தில் திறந்துகொள்ளலாம்.

எனக்கு மட்டும் மனசு கல் என்று நினைக்காதே. வேறு வழியில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அண்ணன்


ஜூன் 6, வெள்ளி

அண்ணனுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கிப் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் வெறும் அண்ணன்.

உன் படிவத்தை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் அதில் இருக்கும் பொய் உன் கையெழுத்தோடு உன்னிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடிக்கும் குணமுள்ளதா? மாப்பிள்ளையா? பதினோரு வருஷமாக எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அவன் முதுகில் சாய்ந்து போட்டோ எடுத்திருக்கிறார்கள்? விறைப்பாக நின்றுகொண்டு, யாராவது வந்து உபசரிக்கட்டும் என்று பார்ப்பானே, அதற்காக மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது யார்? நீதானே? வாலைப் பிடித்துத் தொங்கிய பையனைக்கூட அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

நான் சனிக்கிழமை ஏன் போனேன் என்று கேட்கிறாய். வெள்ளிக்கிழமை மாலை நான் வந்தபோது அவனைக் கம்பத்தோடு குட்டையாகக் கட்டி, தலையில் ஒரு கோணியை மாட்டியிருந்தாய். புண் இருக்கிற காது மேலேயே கோணி. அதைக் கழற்றிவிட்டு நான் பத்து நிமிஷம் அங்கேயே நின்றேன். உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் போனேன். இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது என்று நோட்டீஸ் மட்டும் இல்லாவிட்டால் அவனையும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இப்போது நீ எனக்குப் பதில் சொல். புதன்கிழமை அவன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டினேன். சிவப்புத் துணி கட்டிய உயிரை யாரும் தொடக்கூடாது என்பது நம் பண்ணைக்கு வருகிற மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதை அவிழ்த்தது யார்? கரும்பலகையில் எழுதிவிட்டும் போனேன்: "மாப்பிள்ளைக்கு வலது காதில் புண். ஐந்து நாள் யாரும் தொட வேண்டாம்." நாம் இருவரும் வாய் திறந்து பேசிக்கொள்ளாத இந்த மூன்று மாதமும் அந்தப் பலகைதானே நமக்கு வாய்? அதைப் படித்தாயா, இல்லையா?

தங்கை


ஜூன் 9, திங்கள்

தங்கைக்கு,

நீதிபதி மாதிரி எழுதியிருக்கிறாய். சரி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், காதில் வாங்கிக்கொள்.

துணியை அவிழ்த்தது நான்தான். மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பஸ்ஸில் கோடை முகாம் பிள்ளைகள் எண்பத்துநாலு பேர் வந்து இறங்கினார்கள். மட்டக்குதிரை நொண்டிக்கொண்டிருந்தது. ஆடுகளைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்து ஆடுகள் வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றன. நான் ஒருவன், உன் அண்ணி ஒருத்தி. நீ எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. மாப்பிள்ளையோ கழுத்தில் சிவப்புத் துணியோடு வைக்கோல் மென்றுகொண்டிருக்கிறான். வழக்கமான ஓய்வு முறை என்று நினைத்தேன். அவனுக்கு வாரத்தில் நீ கொடுக்கிற லீவு எனக்கு வருஷத்தில் கிடைத்ததில்லை. ஓய்வுக்கும் அதே துணி, நோய்க்கும் அதே துணி. உன் சட்டம்தான் அது. பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

பலகையில் எழுதினேன் என்கிறாய். பலகையில் ஒன்றும் இல்லை. வெறும் பலகை. அதில்தான் நான் முகாம் பிள்ளைகளுக்கு வரவேற்பு எழுதினேன். புண் என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் ஒரு குழந்தையை அவன் பக்கத்தில் விட நான் என்ன அரக்கனா?

அன்று நீ எங்கே போனாய் என்பதும் தெரியும். நேர்முகத் தேர்வு. அந்தக் கடிதம் உன் மேஜையில் கிடந்ததை உன் அண்ணி பார்த்தாள். விலங்கு ஆஸ்பத்திரியில் வேலை, தங்க அறையும் உண்டு. எத்தனை நாளாகத் திட்டம் போட்டாய்? புத்தி முழுக்க அங்கே இருக்கும்போது பலகையில் எழுத மறந்துவிட்டு, எழுதினதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். மனுஷருக்கு நடக்கிறதுதான். ஆனால் அந்தப் பழியை என் தலையில் கட்டாதே.

படிவம் மறுபடியும் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 12, வியாழன்

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கத்தினேன், இங்கே விலங்கு ஆஸ்பத்திரியில் கூண்டில் இருந்த நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. மூன்றாவது முறை எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அன்று காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ். அவன் காதுக்கு மருந்து போட்டேன், அவன் தலையை என் தோளில் தேய்த்தான், சட்டையெல்லாம் மருந்து. சட்டை மாற்ற ஓடினேன். அப்புறம் தீவனக் கொட்டகை வாசலில் இருக்கிற பலகைக்குப் போனேன். கையில் சாக்பீஸ் இருந்தது நினைவிருக்கிறது. எழுதினேனா? எழுதுவதாக நினைத்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடிவிட்டேனா? எத்தனை யோசித்தாலும் சாக்பீஸ் வரைக்கும்தான் வருகிறது.

நேர்முகத் தேர்வு உண்மை. சொல்லாமல் போனதும் உண்மை. உன்னிடம் எப்படிச் சொல்வது, பலகையிலா? பிறந்து இரண்டு நாள் ஆன ஆட்டுக்குட்டியை முப்பது கை மாற்றி மாற்றிக் கொடுத்து, அது சாயங்காலம் செத்துப்போனதே, அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "குட்டின்னா சாகத்தான் செய்யும்"னு சொன்னாய். அன்றைக்கே என் கால் பாதி வெளியே போய்விட்டது.

நேற்று குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேள்விக்காரியைப் பார்த்தேன். கையில் பந்து மாதிரி ஒரு கட்டு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நான் அங்கிள்கிட்ட கேட்டேன். இன்னைக்கு மாப்பிள்ளைக்கு லீவாச்சே, துணி எங்கன்னு. அதெல்லாம் முடிஞ்சு போச்சு, போய்க் காதைத் தடவிக் கொடு, அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்னாரு."

காதை! உடம்பில் எத்தனை இடம் இருக்கிறது, அந்தக் காதைத்தான் காட்டினாயா? அந்தக் குழந்தை விதியை மதித்தது, துணியைத் தேடியது, பெரிய மனுஷன் என்று உன்னிடம் வந்து கேட்டது. இதற்குமேல் ஒரு ஏழு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? புண்ணில் கை பட்டால் நீயும்தான் கடிப்பாய்!

ஆனாலும் நான் நியாயமாக இருக்கப் பார்க்கிறேன். பலகையில் எழுதாதது என் குற்றம் என்றால் அதை அதிகாரிக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். துணியை அவிழ்த்ததை நீ எழுதிக் கொடு. நாம் செய்ததற்கு அந்த வாயில்லா ஜீவன் சாக வேண்டாம்.

தங்கை


ஜூன் 14, சனி

தங்கைக்கு,

உன் நியாயம் மணக்கிறது. அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"துணியை அவிழ்த்தேன்" என்று நான் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? அதிகாரியிடம் கேட்டேன். விலங்கின் மேல் குற்றம் என்றால் விலங்கு போகும், பண்ணை இருக்கும். நடத்துகிறவர் மேல் குற்றம் என்றால் லைசென்ஸ் ரத்து. தற்காலிகம் எல்லாம் கிடையாது. ஒரு மாதத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பதினாலு ஆடு, ஒரு மட்டக்குதிரை, இரண்டு வாத்துக் கூட்டம், உன் முயல்கள். எண்ணிப் பார். வயசான ஆட்டை யார் வாங்குவார்கள்? கொஞ்சுவதற்கா வாங்குவார்கள்? கறிக்கடைக்காரன் தராசோடு வருவான். ஒரு கழுதைக்காக அத்தனை உயிரையும் பலி கொடுக்கச் சொல்கிறாயே, இதுதான் உன் ஜீவகாருண்யமா?

நீ கடிதம் எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வாய். அங்கே சம்பளம், அறை, வெள்ளைக் கோட்டு. வாசலில் வந்து கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வது நான். "தொட்டு விளையாடலாம்" என்று நம் வாசல் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறதே, யாரோ அதன் மேல் தார் பூசிவிட்டார்கள். உன் அண்ணி கடைக்குப் போவதில்லை.

அதிகாரிக்கு நீ தனியாக ஏதாவது எழுதினால், எனக்குத் தங்கை இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். இது மிரட்டல் இல்லை, தகவல்.

அண்ணன்


ஜூன் 17, செவ்வாய்

அண்ணனுக்கு,

தகவலுக்கு நன்றி. என் தகவல் கீழே.

அதிகாரிக்கு எழுதியதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்புவேன். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை, படித்துப் பார். "விலங்குக்குப் புண் இருந்ததைப் பலகையில் எழுதாமல் போனது பராமரிப்பாளராகிய என் தவறு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உன் வரியை நீதான் எழுத வேண்டும். நீ எழுதாவிட்டால் என் வரி மட்டும் போகும். பண்ணை தப்பித்தாலும் தப்பிக்கலாம். போதுமா?

ஆடுகளைக் காட்டி என்னைப் பயமுறுத்துகிறாய். கறிக்கடைக்காரன் பெயரைச் சொன்னால் நான் மாப்பிள்ளையை விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னாய். சின்ன வயசிலிருந்து இதே வேலைதான் உனக்கு. என் பொம்மையைக் கிணற்றுப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்றதைச் செய்யறியா இல்லையா"னு கேட்பாயே! நான் விசாரித்துவிட்டேன். இங்கே பெரிய டாக்டரம்மாவுக்கு ஊருக்கு வெளியே நிலம் இருக்கிறது. ஆடுகள், மட்டக்குதிரை, மாப்பிள்ளை எல்லோரையும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். முயல்களும் வாத்துகளும் என் பொறுப்பு. இப்போது சொல், யாரைக் காட்டி மிரட்டப் போகிறாய்?

இங்கே எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. எந்தக் கூண்டில் என்ன மருந்து என்று பலகையில் எழுதுவேன். நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து எழுதியிருக்கிறேனா என்று பார்ப்பேன். மறுபடியும் நாலு அடி, மறுபடியும் திரும்புவேன். கூட வேலை செய்கிறவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டுக்குள் இருக்கிற விரலில் ஒரு பங்கு என்னுடையது என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

தங்கை


ஜூன் 20, வெள்ளி

தங்கைக்கு,

உன் கடிதத்தை அனுப்பிவிட்டிருந்தால் திரும்ப வாங்கு. அனுப்பவில்லை என்றால் கிழித்துப் போடு.

நேற்றுக் கேள்விக்காரி வீட்டுக்குப் போனேன். நல்ல எண்ணத்தோடு போகவில்லை. நீ கையெழுத்துப் போடாவிட்டால் கடிபட்டவர் வீட்டிலிருந்து "கழுதை வெறி பிடித்ததுபோல் பாய்ந்தது" என்று ஒரு வாக்குமூலம் வாங்கினாலும் போதும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அதை வாங்கப் போனேன். கையில் பழம், பொம்மை எல்லாம்.

அவள் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். என்னை உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. அந்தப் பிள்ளை அறைக்கு உள்ளேயிருந்து வந்தாள். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். "சாரி அங்கிள். நான் காதை அழுத்திப் பிடிச்சுட்டேன் போல. மாப்பிள்ளையை ஒண்ணும் செஞ்சுடாதீங்க" என்றாள்.

என்னிடம் சாரி கேட்கிறாள். நான் பொம்மையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேப்பரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பலகை காலியாக இல்லை. நீ எழுதியிருந்தாய். என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் படிக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குட்டி செத்த நாளிலிருந்து "குட்டிகளைத் தூக்கவிடாதே, தண்ணீர் மாற்று, பிள்ளைகளை எண்ணி உள்ளே விடு" என்று தினமும் எனக்கு உத்தரவு. இரண்டு வாரம் படித்தேன். அப்புறம் படிப்பதை விட்டுவிட்டேன். காலையில் முதல் வேலையாக ஈரச் சாக்கை எடுத்துத் துடைத்துவிடுவேன். அன்றைக்கும் துடைத்தேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும், துடைத்தது அதைத்தான் என்று. தெரிந்துதான் பலகை வெறுமையாக இருந்தது என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில், நீ எழுதினாயா என்று உனக்கே நினைவில்லை என்று எழுதினாய் பார், அதைப் படித்ததும் எனக்கு "அப்பாடா" என்று இருந்தது. உன் அண்ணியிடம்கூட இதைச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

இன்று காலை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். துணியை அவிழ்த்தது, பலகையைத் துடைத்தது, காதைத் தொடச் சொன்னது, மூன்றும் நான். லைசென்ஸ் ரத்து. மாப்பிள்ளைக்கு ஊசி கிடையாது. காது ஆறிக்கொண்டிருக்கிறது, உன் அண்ணி மருந்து போடுகிறாள்.

உன் கடிதத்துக்குப் பயந்து இதைச் செய்தேன் என்று நினைக்காதே. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, எதற்கு என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

29ஆம் தேதி ஞாயிறு வண்டி கொண்டு வந்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போ. சாவி உன் அண்ணியிடம் இருக்கும். நான் அன்று வீட்டில் இருக்கமாட்டேன்.

அண்ணன்


ஜூன் 24, செவ்வாய்

அண்ணனுக்கு,

என் கடிதத்தை அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை தபால்பெட்டி வரை போய்விட்டுத் திரும்பினேன். உனக்கு இன்னும் ஒரு நாள் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்காதே.

உன்னைப் பாராட்டுவேன் என்று எதிர்பார்க்காதே. உண்மையைச் சொன்னதற்கு மாலையா போடுவார்கள்? அதுவும் இவ்வளவு நாள் கழித்து!

நான் எழுதியதைத் துடைத்தாய். சரி, வீம்பு. என் கையெழுத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது. சரி, எனக்கும் உன் குரலைக் கேட்டால் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் எழுதவே இல்லை என்று என்னை நம்ப வைத்தாயே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? என் ஞாபகத்தின் மேலேயே ஈரச் சாக்கைப் போட்டுத் துடைத்துவிட்டாய். கூண்டுக்கும் பலகைக்கும் நடுவில் நான் நடந்த நடைக்கெல்லாம் நீதான் காரணம். இன்று காலையும் நடந்தேன். உன் கடிதம் மேஜையில் கிடக்கிறது, "நீ எழுதியிருந்தாய்" என்று அதில் இருக்கிறது, அப்போதும் திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ. இதைச் சொல்லிவிட்டேன். ஆனால் இன்னும் தீரவில்லை, அதனால் நேரில் சொல்லப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். நீ இல்லாத வீட்டுக்குத் திருடி மாதிரி வந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போக எனக்கு என்ன தலையெழுத்து? திங்கட்கிழமை காலை வருகிறேன். நீ வீட்டில் இருக்க வேண்டும். உன் அண்ணன்தனம், என் தங்கைத்தனம் எல்லாம் அப்புறம். மாப்பிள்ளையை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், அண்ணிக்கு இடுப்பு வலி. நான் திட்டி முடிக்கிறவரை குறுக்கே ஒரு வார்த்தை பேசக்கூடாது. போனும் எடுக்கக்கூடாது.

ஏற்றி முடித்ததும் நாம் இருவரும் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகிறோம். அவள் அம்மாவிடம் பேசினேன். ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்கிற பிள்ளை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்பதில்லையாம். தண்ணீர்கூடக் கேட்காமல் தானே போய் எடுத்துக்கொள்கிறாளாம். நீ அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, "நீ கேட்டது சரி, நான் சொன்ன பதில்தான் தப்பு" என்று சொல்ல வேண்டும். அவள் அப்பா உட்காரச் சொல்லமாட்டார். பரவாயில்லை, நீயாகவே உட்கார்.

தங்கை